இடது விளிம்பு

சொட்டு மருந்தை விட்டுவிட்டு, கூப்பிடுகிற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, நர்ஸ் அடுத்த பெஞ்சுக்குப் போனாள். தையல்நாயகி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இமைக்கு அடியிலிருந்து மருந்து ஒரு கோடாகக் கன்னத்தில் இறங்கியது. கையில் கொடுத்திருந்த பஞ்சால் ஒற்றிக்கொண்டாள். எரிகிறதா என்று கேட்டார் இளையபெருமாள். லேசாக, என்றாள். பிறகு மடியிலிருந்த பையைத் துழாவித் தன் போனை எடுத்து, விரலை வைத்துப் பூட்டைத் திறந்து, புருஷன் இருக்கும் பக்கமாக நீட்டினாள். நீட்டிய கை அவர் தோளில் இடித்தது. "இது என்னன்னு கொஞ்சம் பாருங்க. படத்தைத் தள்ளித் தள்ளிப் பாக்கயில ஓரத்துல விரல் பட்டா வெளியே போயிடுது. திரும்பவும் முதல்லேருந்து வர வேண்டியிருக்கு." என்ன படம் என்று அவர் கேட்கவில்லை. கோலமாக இருக்கும், இல்லாவிட்டால் ஜாக்கெட் டிசைனாக இருக்கும். வாங்கிக்கொண்டார். அவருடைய போன் சட்டைப் பையில் நெஞ்சை ஒட்டிக் கிடந்தது, அது இந்த நேரம் பார்த்து அடித்துவிடக் கூடாதே என்று இருந்தது. குத்தாலத்தில் பஸ் ஏறும்போதே சத்தத்தை அணைத்தாயிற்று. ஆடுதுறை தாண்டும்போது, அணைத்தோமா என்று எடுத்துப் பார்த்தும் ஆயிற்று. இருந்தாலும் மில்லைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வந்ததும் பூட்டினோமா என்று தோன்றுமே, அந்த அரிப்பு. கும்பகோணத்துக்கு வந்தது இவள் கண்ணுக்காக. ஒரு மாதமாக வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறது என்கிறாள். அந்தக் கவலையை ஒழுங்காகப் படுவதற்குக்கூட விடாமல் சட்டைப் பைக்குள் இருந்துகொண்டு இந்தப் போன் வேறு.

அவருக்கு இந்த வித்தை எல்லாம் தெரியும் என்பது வீட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். மாவு மில் வைத்திருப்பவருக்கு எப்படித் தெரிந்தது என்று தையல்நாயகி கேட்டதில்லை, கேட்டால் சொல்லப் பதில் தயாராக இருந்தது, ஆனால் அது பொய்ப் பதில். பழைய போன் உழைத்து ஓய்ந்து புதுசு வாங்கியபோது அதில் அடியில் இருக்கும் மூன்று பட்டன்களும் இல்லை. எல்லாம் விரலால் இழுப்பதுதான், ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் பின்னால் போகும், கீழேயிருந்து மேலே தள்ளினால் முகப்புக்கு வந்துவிடும், தள்ளி ஒரு நொடி நிறுத்தினால் அதுவரை திறந்து வைத்ததெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக நிற்கும். பட்டன் வேண்டுமென்றால் திரும்ப வைத்துக்கொள்ளலாம் சார் என்று கடைப்பெண் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார். பட்டனைத் தேடி அமுக்கப் பார்வை வேண்டும், இழுக்க விரல் போதும். அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் சொல்லி இரண்டு ஓரத்தையும் 'அதிகம்' என்று வைத்துக்கொண்டார், கட்டைவிரல் மூச்சுவிட்டாலே போதும், திரையில் இருப்பது மறைந்துவிடும். மறைய வேண்டியிருந்தது ஒரே ஒரு முகம். அவர் பெற்ற மகள் சுபாஷினியின் முகம். மில்லில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மிஷினை நிறுத்திவிட்டு, தவிட்டு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார். மிளகாய் அரைக்க யாராவது படியேறினால் ஒரு தள்ளு, சுபா மேலே பறந்துவிடுவாள். அப்புறம் இன்னொரு தள்ளு, நிறுத்தி, சீட்டைத் தூக்கி எறிந்து, தடம் கூட இல்லாமல். ஒருநாள் சுபாவின் கைக்குழந்தை இவரைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறக்கிறது, அந்த நேரத்துக்கு ஆள் வந்துவிட, தள்ளிவிட்டார். கட்டைவிரலில் மிளகாய்த்தூள். குழந்தையின் கன்னத்திலேயே தள்ளியது போல, அது காந்தியது போல, அன்று முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

செட்டிங்ஸைத் திறந்தார். அவள் போன் தமிழில் இருந்தது. சைகை, வழிசெலுத்தல் என்று ஏதேதோ, அவருக்கு இங்கிலீஷில் இருந்தாலாவது இடம் பார்த்துப் போவார், தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. சைகை என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மில் ஓடும்போது பேச்சு ஏது. பச்சரிசியா புழுங்கலா, நைசா குருணையா, எல்லாம் கையால்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசினால் நைசு. தையல்நாயகி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசலில் நின்று கையை வாயருகே கொண்டுபோனால் சாப்பிட வாங்க என்று அர்த்தம், தலையில் கை வைத்தால் கரண்டு பில் வந்திருக்கிறது. இத்தனை வருஷமும் இரண்டு பேரும் கையாலேயே பாதிக் குடித்தனம் நடத்தியாயிற்று. வாயால் சொல்ல வேண்டிய ஒன்று வந்தபோதுதான் சிக்கிக்கொண்டது. ஓசூரில் கூட வேலை பார்த்த எட்வினை சுபா ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு செய்தி அனுப்பியபோது, தையல்நாயகியின் அண்ணன் இவர்கள் வீட்டு வாசலில் நின்று, என் பையனுக்குப் பேசி வைத்த பெண்ணை அடக்க முடியாதவன் வீட்டில் இனி தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் இவள் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டு, இந்த வீட்டில் இனி நாம் இரண்டு பேர்தான், என்றாள். அழவில்லை. அவ்வளவுதான் சொன்னது. அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டார் இளையபெருமாள். அண்ணனை இழந்தவள், அவளுக்குத்தான் காயம் பெரியது, அவளாகச் சொல்லும்வரை அந்தப் பெயரை எடுக்கக் கூடாது. அவளும் சொல்லவில்லை. சுபாவின் துணி இருந்த அலமாரியை இருவரும் திறக்கவில்லை. தூசி தட்டும்போது அதன் வெளிப்பக்கத்தை மட்டும் தட்டினார்கள்.

பக்கத்தில் யாரோ இருமினார்கள். பினாயில் வாசனையோடு மருந்தின் கசப்பு வாசனையும் கலந்து வந்தது. தையல்நாயகியின் மூடிய இமைகளுக்குள் கண் இங்கும் அங்கும் அசைவது தெரிந்தது. என்ன நினைக்கிறாள். இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் போன ஐப்பசியில். அந்த ஐப்பசிக்குப் போகக் கூடாது என்று நினைத்தாலும் மனசு ஈரத் திண்டில் கால் வைத்தது போல வழுக்கிக்கொண்டு அங்கேதான் போய் நிற்கும். அடைமழை. சுபா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன் அப்பா என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். எட்வினுக்கு அம்மா கிடையாது. யார் இருக்கிறார்கள் கூட, வலி வந்தால் கையைப் பிடிக்க, இடுப்பை நீவ, பிள்ளையை வாங்கித் துடைக்க யார். ஆம்பளை நான் போய் என்ன செய்வேன். தையல்நாயகியிடம் சொல்லிவிடலாம் என்று மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். மாயூரத்தில் இருக்கும் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷனாம், துணைக்கு ஆள் இல்லையாம், பத்து நாளாவது ஆகுமாம். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அந்தப் பத்து நாளும் ஓட்டலில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் அவளைத் திட்டினார். பெற்ற பெண் அங்கே தன்னந்தனியாகக் கிடக்கிறாள், நீ அக்கா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அவளுக்குத் தெரியாது என்பது தெரிந்தும் திட்டினார். எல்லாம் நல்லபடியாக நடந்தது, கவலைப்படாதீங்கப்பா, என்று சுபா சொன்னாள். அவர் நம்பவில்லை. அப்பனுக்காகச் சொல்கிறாள். அதற்கப்புறம் குழந்தையைப் பார்க்கிறபோதெல்லாம் குழந்தைக்குப் பின்னால் ஒரு காலி நாற்காலி தெரியும், ஆஸ்பத்திரியில் சுபாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் உட்காராத நாற்காலி. மில்லில் அரைக்கும்போது, சாப்பிடும்போது, தூக்கம் பிடிக்கிற நேரத்தில், அந்த நாற்காலி.

கிடைத்துவிட்டது. 'இடது விளிம்பு', 'வலது விளிம்பு', இரண்டுக்கும் ஒவ்வொரு கோடு, கோட்டில் நகர்த்த ஒரு புள்ளி. இரண்டும் நடுவில் இருந்தன. அவர் போனில் இவை கடைசிவரை தள்ளி வைத்தவை, எதுவும் நிற்கக் கூடாது என்பதற்காக. இவளுக்கு நிற்க வேண்டும். இடது விளிம்பின் புள்ளியைப் பிடித்துக் 'குறைவு' பக்கமாக இழுத்தார், வழவழத்துப்போன விரல் என்பதால் முதலில் பிடிக்கவில்லை, மாவு மில்காரன் ரேகையை எந்தப் போனும் நம்புவதில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். வந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. முகப்புக்குப் போவதற்காகக் கீழேயிருந்து மேலே தள்ளினார். பழக்கம், கட்டைவிரல் தானாகவே ஒரு நொடி நின்றுவிட்டது. தடம் அழிக்கிற கை, யார் போன் என்று அதற்கு என்ன தெரியும். சீட்டுகள் வந்து நின்றன. செட்டிங்ஸ் ஒன்று. அதற்குப் பக்கத்தில், பாதி மட்டும் தெரிகிற மாதிரி, படங்கள் இருக்கிற சீட்டு. அதில் ஒரு குழந்தை. வாயைத் திறந்துகொண்டு. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி. மஞ்சள் சட்டை. தூக்கிப் பிடித்திருக்கிற கையில் சுபாவின் கறுப்புக் கயிறு. முதலில் அவருக்குத் தோன்றியது, ஐயோ, என் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவர் போன் அங்கேதான் இருந்தது. கையில் இருந்தது பச்சை உறை போட்ட போன், தையல்நாயகியுடையது. மறுபடியும் பார்த்தார். குழந்தை அங்கேயே இருந்தது. காலையில் பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாளே, அது கோலம் இல்லை.

அவர் கை சும்மா இருந்திருக்கலாம். அடுத்தவர் பெட்டியைத் திறப்பது போல ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால் சரிபார்க்க வேண்டும், படத்தைத் தள்ளினால் வெளியே போகிறதா என்று பார்க்கச் சொன்னது அவள்தானே, அது வேலை, வேலையைச் செய்யாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே சீட்டைத் தொட்டார். படம் விரிந்தது. ஓரத்தை ஒட்டி விரலை வைத்து உள்ளே தள்ளினார். வெளியே போகவில்லை. முந்தைய படம் வந்து நின்றது, குழந்தை தவழ்கிறது. தள்ளினார், குழந்தை குப்புறக் கிடந்து தலையைத் தூக்குகிறது. தள்ளினார், வாயெல்லாம் கேழ்வரகுக் கூழ். அந்த நிறம் அவருக்குத் தெரிந்த நிறம். தெருக்கோடி கோமதி வீட்டுப் பேரனுக்கு என்று சொல்லித் தையல்நாயகி முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை மாதாமாதம் கொண்டு வந்து நின்றாளே, நைசு, இன்னும் நைசு என்று விரலை உரசிக் காட்டி, துணியில் சலிக்கச் சொல்லி, அவரும் சலித்துக்கொண்டே, கோமதி பேரன் என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா என்று கேட்டாரே. தன் பேரன் தின்கிற மாவைத்தான் அரைத்துக் கொடுத்திருக்கிறார். இன்னும் தள்ளினார். நிறம் மாறியது, சுவர் வெளிர் பச்சையாயிற்று, ஆஸ்பத்திரிக் கட்டில், மழை இருட்டு ஜன்னல், சுபா தலையணையில் சாய்ந்து கிடக்கிறாள், முகம் வெளுத்து, தலையெல்லாம் கலைந்து, சிரித்துக்கொண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் தையல்நாயகி. மடியில் பழைய வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம், அதிலிருந்து ஒரு சிவந்த நெற்றி. அவருடைய பழைய வேட்டிதான் அந்தத் துணி, கரையைப் பார்த்தாலே தெரிந்தது, பெட்டி கட்டும்போது உள்ளே வைத்திருக்கிறாள்.

மில் பெல்ட்டைக் கழற்றியதும் சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி, தளர்ந்து, நிற்குமே, அப்போது காதில் வந்து விழும் அமைதி, அது போல ஏதோ உள்ளே நின்றது. சுபா தனியாக இல்லை. இடுப்பை நீவ ஆள் இருந்தது. பிள்ளையை வாங்கத் துணி இருந்தது. ஐப்பசியிலிருந்து தூக்கிக்கொண்டு அலைந்தது ஒன்றுமே இல்லாத ஒன்றை, நாற்காலி காலியாகவே இல்லை, அதில் இவள் உட்கார்ந்திருக்கிறாள், இதோ என் பக்கத்தில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிற இதே மாதிரி, புடவையை இழுத்து முழங்காலுக்குள் செருகிக்கொண்டு. கோபம் வரவேண்டும் அல்லவா என்று தேடிப் பார்த்தார். கொஞ்சம் வந்தது. இட்லி தின்ன விட்டாயே, பொய் சொன்னாயே, நான் போய்ப் பார்க்க மாட்டேனா. ஆனால் அது வந்த வேகத்திலேயே அவர் பொய்களின் மேல் போய் முட்டிக்கொண்டு நின்றது. தவிட்டு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் யாரைக் கேட்பது. பிறகு சுபாவை நினைத்தார். இரண்டு பேரோடும் தனித்தனியாகப் பேசி, அம்மாவிடம் சொல்லாதே என்று அவரும், அப்பாவிடம் சொல்லாதே என்று இவளும் கேட்டுக்கொண்டதை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றது தட்டாமல் இத்தனை நாள். பிள்ளை பெற்ற உடம்போடு. அந்த நினைப்பில்தான் கண் கலங்கியது. கண் ஆஸ்பத்திரியில் ஒருவர் கண்ணைத் துடைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துடைத்துக்கொண்டார். வேண்டுமென்றேதான் கொடுத்தாளோ என்ற சந்தேகம் அதற்கப்புறம்தான் வந்தது. கண் தெரியாத நேரம் பார்த்து, பூட்டைத் திறந்து, படத்தைத் தள்ளினால் என்று அவளாகவே சொல்லி. இல்லை, மறந்துபோய்க் கொடுத்திருப்பாள், கண் பயத்தில். அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டில் எது என்று அந்த மூடிய இமைகள் சொல்லவில்லை. எதுவாக இருந்தால்தான் என்ன என்றிருந்தது, பாரம் இறங்கிய தோளுக்கு அது எந்தக் கையால் இறங்கியது என்ற கணக்கு எதற்கு.

சரியாயிற்றா என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமலே.

"ஆயிடுச்சு. இனிமே வெளியே போவாது."

கையை நீட்டினாள். அவர் போனை அதில் வைத்தார், வைத்த கையை எடுக்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் மறுபடியும் அலமாரியின் வெளிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். என்னவோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று பார்த்தால் வந்தது வேறு.

"கீழே ஒரு பல்லு தெரியுது."

தையல்நாயகியின் விரல்கள் போனுக்கு மேல் இறுகின. நர்ஸ் ஒருத்தி தட்டை எடுத்துக்கொண்டு தாண்டிப் போனாள்.

"ரெண்டு," என்றாள். "பக்கத்துல இன்னொண்ணு முட்டுது. படத்துல தெரியாது."

தானும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னார். அது தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு அவள் உதட்டோரம் லேசாக இழுபட்டது. நட்டநடுப் பகலில் மில் சத்தம் நின்றால் தெரு முழுக்கத் தெரியும், நாலு வீடு தள்ளி இருக்கிற பெண்டாட்டிக்குத் தெரியாதா, என்றாள். அவருக்கு அது ஒருநாளும் தோன்றியதே இல்லை. மறைந்து பேசுவதற்காக நிறுத்திய மிஷின்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். முதல் நாள் அவள் சொன்ன வார்த்தைதான் அவளையே தடுத்தது. நாம் இரண்டு பேர்தான் என்று சொன்னவள் அவள், அதற்கு அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவார் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாளாம். அவர் பேசவில்லை. சரி, இந்த மனுஷனுக்கும் அதுதான் எண்ணம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் மில் நிற்க ஆரம்பித்தது. நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன், நான் சொன்னதை நானே எப்படி உடைப்பது, என்றாள். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், பொது இடம் என்பது நினைவு வந்தும் விடவில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள், கண்ணைத் திறந்தாள், திறந்ததும் கூசி மூடிக்கொண்டாள். அவர் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு உள்ளே போனார். இருட்டு அறையில் டாக்டரம்மா கருவியில் அவள் தாடையை வைக்கச் சொல்லி, மேலே பாருங்கள், காதைப் பாருங்கள், என்று வெகுநேரம் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். பின்னால் நரம்பு நன்றாக இருக்கிறது, அழுத்தமும் இல்லை, புரை இப்போதுதான் ஆரம்பம், கண்ணாடியை மாற்றினால் போதும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இளையபெருமாள் கும்பிட்டுவிட்டு வந்தார். வெளியே வராந்தாவில் வெயில் அடித்தது. கறுப்புக் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டார். காதில் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை, முடியை ஒதுக்கி உட்கார வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வீடியோவுல வரேன்னிருக்கா," என்றாள் தையல்நாயகி. "சேந்தே உக்காரலாம்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டியது அவளுக்குத் தெரியாது என்பது உறைத்து, சரி என்று வாயால் சொன்னார். படியில் இறங்கும்போது இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. மகளோடு பேசிய இத்தனை நாளில் அவள் புருஷனோடு ஒருநாளும் அவர் பேசியதில்லை, வீடியோவில் அவன் அவளுக்குப் பின்னால் நடந்து போனால்கூடக் கூரையைப் பார்ப்பார்.

"எட்வின் இருப்பானா அன்னிக்கு?"

அவள் அடுத்த படிக்குக் காலை வைக்காமல் நின்றாள்.

"இருப்பாரான்னு கேளுங்க. மாப்பிள்ளை."

பக்கத்தில் ஏறி வந்த ஒரு அம்மாளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர் அதை முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அவளுக்குக் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை இருப்பாரா?" என்று கேட்டார். இருப்பார் என்று சொல்லிவிட்டு, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று அவள் காலால் தடவினாள்.